லேசான மூட்டை

மார்ச் 4, செவ்வாய்

இன்று கணக்குப் பிரிவுக்கு வகுப்பு. பச்சைத் தொட்டியில் சாப்பாட்டு மிச்சம். நீலத்தில் காகிதம், பாட்டில், கழுவிய டப்பா. சிவப்பில் பேட்டரி, பல்பு. இவ்வளவுதான் பாடம். எண்ணெய் ஒட்டிய டப்பா ஒன்றைத் தூக்கிக் காட்டி, இது எதில் போகும் என்று கேட்டேன். எல்லோரும் குனிந்து மேசையைப் பார்த்தார்கள். பின்வரிசைக் கண்ணாடிக்காரர் மட்டும், "வீட்டுல பொண்டாட்டி போடுவா மேடம், எனக்கெப்படித் தெரியும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலை நிரந்தரமாகிற வரைக்கும் சிரித்துத்தான் தொலைக்க வேண்டும்.

தளங்களில் சரியாகப் பிரித்த குப்பை நேரே லாரிக்குப் போகும். கலந்து கிடப்பது மட்டும் மூட்டையாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கும். அதை அவிழ்த்துத் தரம் பிரிப்பது அண்ணியும் இன்னொரு அக்காவும். குப்பை பிரிக்கக் கற்றுக்கொடுக்கிற இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எனக்குச் சொன்னதே அண்ணிதான். நாங்கள் ஒரே வீடு என்று இங்கே யாருக்கும் தெரியாது. லிஃப்ட் பக்கம் என்னைப் பார்த்தால் ஒதுங்கி நின்று, "வணக்கம் மேடம்" என்பாள், சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு. வீட்டுக்கு வந்தால், "ஏய் குட்டி, தண்ணி புடிச்சு வை."

மார்ச் 7, வெள்ளி

மேனேஜருக்கு ஒரு யோசனை உதித்திருக்கிறது. தப்பாகப் போட்ட தொட்டியைப் போட்டோ எடுத்து, பக்கத்து மேசைக்காரர்களின் பெயரோடு அலுவலகக் குழுவில் போட வேண்டுமாம். "அசிங்கப்பட்டாத்தான் திருந்துவாங்க." சொல்லிக்கொண்டே காபிக் கப்பை மூடியோடு பச்சைத் தொட்டியில் எறிந்தார்.

அதை மட்டும் நான் போட்டோ எடுக்கவில்லை.

மார்ச் 12, புதன்

தொட்டிகள் பளிச்சென்று இருக்கின்றன. நாலாவது மாடி நீலத் தொட்டியில் முகம் பார்த்துத் தலை வாரலாம். "கலப்பு இல்லை" என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் கை குலுக்கினார். "இருபத்தேழாம் தேதி ஆய்வுக்கு வர்றாங்க. குப்பை மேலாண்மைச் சான்றிதழ் கைக்கு வந்துட்டா நீங்க பர்மனென்ட்." நான் எழுந்த பிறகு, ஏதோ நினைவு வந்தவர் போல: "கலப்பே இல்லேன்னா கீழ பிரிக்கிறவங்க எதுக்கு? மாசக் கடைசியோட நிறுத்திடலாம், இல்ல?"

தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன்? யாராவது "இல்ல?" என்று கேட்டால் இந்தக் கழுத்து தன்னாலேயே ஆடுகிறது.

மார்ச் 13, வியாழன்

இத்தனை பேர் தின்கிறார்கள், குடிக்கிறார்கள். குப்பை எங்கேதான் போகிறது?

நாலாவது மாடிப் பெண்கள் கழிப்பறையில் கிடைத்தது. டிஷ்யூ போடுகிற தொட்டி பிதுங்கி வழிகிறது. சாப்பாட்டு டப்பா, கப், பேட்டரி, பழத்தோல், அறுந்த சார்ஜர் வயர். வரவேற்பறைப் பெண் கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அதன் மேலேயே அமுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பதறினாள். "ஐயோ மேடம், போட்டோ எடுத்துடாதீங்க! எதுல போடுறதுன்னு சந்தேகம் வந்தா எல்லாரும் இங்கதான் கொண்டாறோம். இதுக்குத்தான் கலர் இல்லையே."

கழிப்பறை மூட்டையை யாரும் அவிழ்க்கக் கூடாது என்பது விதி. கட்டின கட்டோடு லாரிக்கு. ஆக, நான் இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒளிக்கத்தான்.

மார்ச் 18, செவ்வாய்

மேனேஜரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் அண்ணிக்கு வேலை போகும், சொன்னால் எனக்குப் போகும், போகட்டும் என்றுதான் போனேன். அவரோ தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "தெரியும்மா. ஆய்வுக்கு வர்றவங்க கழிப்பறையையா எட்டிப் பாக்கப் போறாங்க? கேட்டா விருந்தினர் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க."

தெரியுமாம்! தெரிந்தேதான் அந்த இரண்டு பேரையும் வெளியே தள்ளுகிறான்.

இரவுச் சாப்பாட்டில் அண்ணி, மாதக் கடைசியோடு தன்னை நிறுத்துகிற விஷயத்தைச் சொன்னாள். பாதி நாள் மூட்டையே வராமல் சும்மா உட்கார்ந்திருந்தபோதே நினைத்தாளாம். ஆலை மூடியதிலிருந்து வீட்டில் இருக்கிற அண்ணன் சமாதானம் பேசினான். "அதான் குட்டிக்கு பர்மனென்ட் ஆகுதே. ஒண்ணு போனா ஒண்ணு."

"ஆமா. போற ஒண்ணு நானு."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "கலப்பே இல்லன்னு அறிக்கை குடுத்திருக்காங்களாம். யாரு மேடம் அது?"

வீட்டில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. உதட்டைக் கடிக்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

அண்ணி வாயில் குட்டியும் இல்லை, மேடமும் இல்லை. தண்ணீரை அவளே பிடித்து வைத்துக்கொள்கிறாள்.

மார்ச் 27, வியாழன்

ஆய்வு. வந்தவர் வயதில் மூத்த அம்மா, நிதானமானவர். ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்துத் தலையசைத்துக்கொண்டே வந்தார். மேனேஜர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை. நாலாவது மாடியில் அவருக்குப் போன் வந்தது, ஜன்னல் பக்கம் நகர்ந்தார். அந்த அம்மா என்னிடம், "கை கழுவணுமே, எங்க?" என்றார்.

விருந்தினர் பாத்ரூம் வலது பக்கம்.

"இடது பக்கம் மேடம்," என்றேன்.

வெளியே வந்தபோது அவர் கையில் ஈர டிஷ்யூ அப்படியே இருந்தது. "இதை எங்கம்மா போடறது? உள்ள இடமே இல்லையே," என்றார். கோபமாகக்கூட இல்லை. மேனேஜர் போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து நின்றார்.

மார்ச் 31, திங்கள்

சான்றிதழ் தள்ளிப்போய்விட்டது. போட்டோ போடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம், எல்லாப் பிரிவுக்கும் முதலிலிருந்து வகுப்பு. தளங்கள் சரியாகிற வரைக்கும் கீழ்த்தள ஆட்கள் இருக்கட்டுமாம்.

சரியாகிற வரைக்கும். அதாவது, நான் ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கிற வரைக்கும்.

மேனேஜர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்களுக்கு வலது இடது தெரியாதா?"

"பதட்டத்துல சார்," என்றேன். நம்பவில்லை. இதையே ஒருவன் தெரு முனையில் என்னிடம் கேட்டிருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 9, புதன்

மறுபடி கணக்குப் பிரிவு. அதே எண்ணெய் டப்பா. யாரும் பயப்படவில்லை, தப்பாகச் சொல்லிச் சிரித்தார்கள், திருத்திக்கொண்டார்கள். கடைசியில் கண்ணாடிக்காரர் கை தூக்கினார். "கழுவி நீலத்துல மேடம். இப்ப வீட்டுலயும் நான்தான் பிரிக்கிறேன், பொண்டாட்டியே அசந்துபோயிட்டா."

எவ்வளவு நல்ல பதில். "சரி" என்று சொல்ல எனக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆனது?

சாயங்காலம் அண்ணி கை கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னாள்: "இன்னிக்கு மூட்டை லேசா இருந்துச்சு குட்டி."

கை துடைக்கத் துண்டை எடுத்து நீட்டினேன்.

"நல்லா கத்துக்கறாங்களா?"

"கத்துக்கறாங்க அண்ணி."

சாப்பிட உட்கார்ந்தோம். என் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக வைத்தாள். தடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டு அதையும் பிசைந்தேன்.