மருந்தடிக்காத செடிகள்

சக்குபள்ளம்,
ஆவணி, 1976

என் வீட்டுக்காரருக்கு,

மழை விட்டிருக்கிறது. நான் நலம்தான்.

பூச்சி கடித்த சொறியில்லாத ஏலக்காயைத்தான் கம்பெனிக்கு எடுப்பேன் என்று நீங்கள் சொல்லிப் போனதால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் மருந்தடித்தார்கள். பூச்சியோடு தேனீக்களும் செத்தன. இப்போது பூவெல்லாம் காய்க்காமல் உதிர்கிறது. "ஒம் புருசன் பேச்சக் கேட்டுத்தான் கெட்டோம்" என்றாள் பக்கத்துத் தோட்டத்து மூக்கம்மாள். அன்றிலிருந்து யாரும் நம் வீட்டுப் படி ஏறுவதில்லை.

நம் செடிகளுக்கு நீங்களே வந்து அடிப்பீர்கள் என்று மருந்தடிக்கும் பம்பைக் கழுவி வைத்துக் காத்திருந்தேன். அதனால் இங்கே மட்டும் கொஞ்சம் தேனீ மிஞ்சியிருக்கிறது. பகலெல்லாம் அந்த இரைச்சல்தான் எனக்குத் துணை.

நம் காயிலும் சொறி விழுந்திருக்கிறது. எடுக்க வரும்போது அதையும் வேண்டாமென்று கழித்துவிடுங்கள். ஆனால் போனமுறை மாதிரி ஜீப்பில் உட்கார்ந்தே திரும்பிவிடாதீர்கள். இறங்கி வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இருப்பவள்