தபால்பெட்டிக்குக் காவல்

ஜனவரி 12, 2026

எங்கள் இக்காஸ்ட் தையல் தொழிற்சாலையில் இனி டேனிஷ் இராணுவ உடுப்பு மட்டும்தான். விளையாட்டு உடுப்புத் தைத்த மெஷின்களில் எல்லாம் பச்சை நூல். இன்று வந்த துணிக்கட்டுக்குள் பெண்களுக்கான சின்ன அளவுகள். ஒரு காற்சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். நிலானியின் இடுப்பு. பெண்பிள்ளைகளும் படைக்குச் சீட்டு இழுக்க வேண்டும் என்ற சட்டம் போன வருடம் வந்தது. என் மகளுக்கு நவம்பரில் பதினெட்டு முடிந்தது.

பெப்ரவரி 3

ஹெலி தாழப் பறந்தது. தொழிற்சாலையில் மேசைக்கடியில் பதுங்கியது நான் ஒருத்திதான். ஊரில் சண்டைக்காலத்துப் பழக்கம்.

பெப்ரவரி 19

வேலையால் வந்ததும் முதலில் தபால்பெட்டியைத்தான் திறக்கிறேன். படைக் கடிதம் வந்தால் நிலானி கண்ணில் படாமல் எடுத்துவிட வேண்டும். பிறகு? தெரியவில்லை. ஊரில் அம்மா படலையைப் பூட்டி வைத்தும் சுஜீதா அக்கா சண்டை பிடிக்க இயக்கத்துக்குப் போய்விட்டாள். பதினேழு வயது. திரும்பி வரவேயில்லை.

இவர் சிரிக்கிறார். “இஞ்சேரும், இது டென்மார்க். ஆரும் வீடு வந்து பிள்ளை பிடிக்கமாட்டினம்.”

மார்ச் 9

கடிதம் மூன்று கிழமைக்கு முன்பே வந்துவிட்டது — நிலானியின் ஃபோனுக்கு! வெறும் பெட்டிக்குக் காவல் இருந்திருக்கிறேன், விசரி நான். இந்தக் காலத்தில் கடதாசியில் யார் அனுப்புவார்கள் என்று டேனிஷில் கேட்டுச் சிரித்தாள்.

மார்ச் 26

சீட்டில் பெரிய இலக்கம்! அப்படி வந்தால் போகத் தேவையில்லை. பிள்ளையாரப்பா, நேர்ந்த தேங்காயை ஞாயிற்றுக்கிழமை வந்து உடைக்கிறேன். ஆனால் நிலானி சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. ஏன்?

மார்ச் 27

“அம்மா, நான் கையெழுத்து வச்சிட்டன். நானாத்தான் போறன்.”

ஏனடி? ஆருக்காக? கத்தினேன். தேத்தண்ணீர் கொட்டிப்போனது.

“இது என்ர நாடம்மா.” இதை டேனிஷில் சொல்லவில்லை, தமிழில்தான் சொன்னாள்.

சுஜீதா அக்காவையும் எவரும் பிடித்துப் போகவில்லை. படலை ஏறிக் குதித்துத் தானாகவே போனாள். இதை நான் நிலானிக்குச் சொன்னதே இல்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 29

தேங்காய் உடைக்கவில்லை.

ஆகஸ்ட் 15

படையில் இருந்து நிலானிக்கு முதல் விடுமுறை. காற்சட்டை நீளமாம், கொண்டுவந்து நீட்டினாள். உள்தையலைப் பார்த்தேன். எங்கள் பச்சை நூல்தான். அவளை நிற்க வைத்து, முழந்தாளிட்டுக் குண்டூசி குத்தினேன்.

“படையில பதினொரு மாசம்தானே?”

“இன்னும் கூட்டுவினமாம், அம்மா.”

இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைத்தேன். மிச்சத் துணியை வெட்டவில்லை. வளருகிற பிள்ளை.