ஐந்து பூச்சும் நாற்பது நிமிடமும்

எனக்குக் கை கொடுத்த என் அம்மாவுக்கு,

நன்றாக இருக்கிறாயா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நான் இருக்கிறேன். கடையும் இருக்கிறது. கம்பைநல்லூரில் உரக்கடைக்கு மேலே அதே ஒற்றை அறைதான், இப்போது ஏசி போட்டிருக்கிறேன். "நகத்துக்குக் கலரடிக்க ஒரு கடையா?" என்று உன்னிடம் வந்து சிரித்தவர்களின் மகள்கள்தான் இப்போது முகூர்த்த மாதங்களில் என் படிக்கட்டில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

நாளைக்குக் கல்லறைத் திருநாள். மெழுகுவத்தியும் செவ்வந்தியும் வாங்கி வைத்துவிட்டேன். ஆனால் உன் கல்லறை முன்னால் தம்பி சீலனும் நிற்பான். வீட்டில் நம் இருவருக்கு மட்டும் தெரிந்திருந்த ஒரு விஷயத்தை அவனிடம் சொல்லி இன்றைக்கு இருபத்துமூன்று நாள் ஆகிறது. அன்றிலிருந்து அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். எல்லோரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன், அதன் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அந்த ஞாயிற்றுக்கிழமை உன் விரல்களில் இருந்தது கருநீலம். ஒரு கல்யாணப் பெண்ணுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு வாரம் முன்னால்தான் உன் கையில் மாதிரி போட்டிருந்தேன். அடிப்பூச்சு ஒன்று, நீலம் இரண்டு, வெள்ளிப் பொடி ஒன்று, மேலே கண்ணாடி மாதிரி ஜெல் ஒன்று. மொத்தம் ஐந்து பூச்சு. ஒவ்வொன்றையும் விளக்குக்கு அடியில் காயவைத்தேன். அந்தக் கையோடு நீ நூறு நாள் வேலைக்குப் போனாய். "ஏரி வெட்ட வந்தவளா நீயி, ஷூட்டிங்குக்கு வந்தவளா?" என்று கேட்டார்களாம். "எம்பொண்ணு போட்டது, ஒனக்கும் வேணுமின்னா காசு குடுத்து போட்டுக்கோ" என்றாயாம். ஒரு விளம்பரப் பலகை செய்யாத வேலையை நீ செய்தாய்.

கையை எப்போது கேட்டாலும் நீட்டுவாய். காலை மட்டும் தொடவிட மாட்டாய். "சேத்துல போற காலுக்கு எதுக்குடி சிங்காரம்?" என்பாய். இதை நான் மறந்தே போயிருந்தேன் அம்மா. மறந்தது எவ்வளவு பெரிய தப்பு என்று போன மாதம்தான் தெரிந்தது.

நான்கு நாளாக உனக்கு இருமல். அன்று பூசைக்குக் கூட நீ வரவில்லை. நான் கோயிலிலிருந்து வந்தபோது கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய். கொரோனா நேரத்தில் வாங்கிய ஆக்சிஜன் மீட்டரை எடுத்து உன் விரலில் மாட்டினேன். எண்பத்திரண்டு காட்டியது, தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் அந்த எண்ணைப் பார்த்ததும் வண்டி பிடித்திருப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒருத்தி கூடப் பிடித்திருப்பாள். நான் படித்தவள் ஆயிற்றே! சேலத்தில் நெயில் ஆர்ட் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்: ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் வந்தால் பூச்சை எடுத்துவிட்டு அனுப்புங்கள், அடர்ந்த நிறம் அந்த மெஷினை ஏமாற்றும் என்று. நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டவள் நான். உன்னிடம் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும்.

"கலர்னால அப்படிக் காட்டுதும்மா. இரு, எடுத்துட்டுப் பாக்கலாம்."

ஐந்து பூச்சு ஜெல் சுரண்டினால் வராது, நகத்தோடு பிய்ந்து வரும். பஞ்சை அசிட்டோனில் நனைத்து நகத்தில் வைத்து, அலுமினியத் தாளால் ஒவ்வொரு விரலாகச் சுற்றி, ஊறும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு விரல் போதும் என்று ஆரம்பித்தேன். அந்த விரல் சுத்தமானதும் மாட்டினேன், எண்பத்தொன்று. ஓரத்தில் நீலம் ஒட்டியிருக்கிறது, அதனால்தான் என்று அடுத்த விரலுக்குப் போனேன். அப்புறம் மிச்ச விரல்களையும் ஒன்றாகச் சுற்றி ஊறவைத்தேன். பத்து விரலையும் எடுத்து முடித்தேன் அம்மா. நாற்பது நிமிடம். மெஷின் ஆரம்பத்திலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் பக்கத்து வீட்டு ஆம்னி வேன், தருமபுரி, பெரிய ஆஸ்பத்திரி. உன்னை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். ஓசூரிலிருந்து சீலன் வந்து சேர்ந்தபோது உன் வாயில் குழாய் இருந்தது. அவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, "எப்பக்கா பாத்த? எப்ப கௌம்புனீங்க?" என்று கேட்டான்.

"பாத்த ஒடனே கௌம்பிட்டம்டா."

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. மூன்றாம் நாள் நீ போனாய். டாக்டர் பொதுவாக, "கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருக்கலாம்" என்றார். அவர் சொன்னது நான்கு நாள் இருமலையா, என் நாற்பது நிமிடத்தையா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்க எனக்குத் தைரியமில்லை.

அதற்குப் பிறகு சீலன் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். அடக்கத்துக்கு வந்தவர்களிடம், முப்பதாம் நாள் பூசையில், கம்பெனி நண்பர்களிடம், எங்கும் ஒரே பேச்சு. "எங்கக்கா இல்லன்னா அம்மா வூட்லயே போயிருக்கும். ஒரு நிமிசம் வேஸ்ட் பண்ணல." அவன் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் சமையலறைப் பக்கம் எழுந்து போய்விடுவேன். எனக்குத் தன்னடக்கம் அதிகம் என்று பேர் வந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொன்னேன். "தெரிஞ்சு செஞ்சதில்லையேம்மா" என்று மன்னிப்புக் கொடுத்தார். கடவுளிடம் கணக்கு முடிந்தது, தம்பியிடம் முடியவில்லை. எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். பூச்சை எடுக்காமல் சரியான எண்ணைத் தெரிந்துகொள்ள வேறு வழியே இல்லை, யாராக இருந்தாலும் எடுத்துத்தான் பார்த்திருப்பார்கள். இதைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு வருடம் நடமாடினேன்.

சீலனுக்குக் கல்யாணம் ஆனது உனக்குத் தெரிந்திருக்கும். நல்லம்பள்ளிப் பெண், ரீனா. வாய் ஓயாது, மனசு தங்கம். ஒன்பதாம் மாதம் வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். முந்தின நாள் காலையில் சீலன் அவளைக் கடையில் விட்டுவிட்டு வளையல் வாங்கப் போனான். "பொறக்கப் போற புள்ளைக்கு ஞானத்தாயும் நீதான், நெயில் ஆர்ட்டும் நீதான், எங்களுக்கு வேற யாரு இருக்கறாங்க?" என்று படியிறங்கும்போது சொல்லிவிட்டுப் போனான்.

ரீனாவுக்கு ஒவ்வொரு நகத்திலும் அஞ்சு வளையல் வேண்டுமாம். பத்து விரலுக்கும் அடர் பச்சை இரண்டு பூச்சு போட்டுக் காயவைத்தேன். அதன் மேலே மெல்லிய தூரிகையால் சிவப்பும் தங்கமுமாக வளையம் வளையமாக வரைந்துகொண்டு வந்தேன். ஆறாவது விரலுக்குப் போனபோது ஏதோ சரியில்லை என்று பட்டது. அரை மணி நேரத்துக்கு முன்னால் நகத்தின் ஓரத் தோலை நான் தள்ளிவிட்ட அதே விரல், இப்போது நகத்தைச் சுற்றிப் புடைத்திருந்தது. மோதிரம் சதைக்குள் இறங்கியிருந்தது. நிறைமாதக்காரிக்குத் திடீரென்று வீங்கக் கூடாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"தலை வலிக்குதா ரீனா?"

"காத்தாலருந்தே வலிக்குதுங்க அண்ணி. கண்ணு வேற மங்கலா இருக்குது. படியேறினதுல மூச்சும் ஒரு மாதிரி வாங்குது. ஒண்ணுமில்ல, நீங்க போடுங்க."

மேசை இழுப்பறையில் உன் மீட்டர்தான் இருக்கிறது, நான் தூக்கிப் போடவில்லை. எடுத்து அவள் விரலில் மாட்டினேன். எண்பத்தொன்பது.

என் கை என்ன செய்தது தெரியுமா? தானாகவே அசிட்டோன் பாட்டிலை எடுத்துவிட்டது. மூடியைத் திறந்தேன். அன்றைக்கு உன் கட்டிலருகே அடித்த அதே வாடை மூக்கில் ஏறியது. பாட்டிலை அப்படியே போட்டேன், தரையெல்லாம் ஓடியது. அவளைப் பிடித்து எழுப்பினேன். "ஈரமா இருக்குதுங்க அண்ணி, அழிஞ்சிரும்" என்றாள். "அழிஞ்சா அழியட்டும், எந்திரி!" என்று கத்திவிட்டேன். அந்தப் பெண்ணிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

கடையைப் பூட்டக்கூட இல்லை. கீழே உரக்கடை வேன் சீட்டில், அவள் சேலையில், என் முகத்தில் எங்கும் சிவப்பும் தங்கமும் அப்பியிருந்தது. பாதி வழியில் அவள் பேச்சை நிறுத்தினாள். ஓயாமல் பேசுகிற பெண் சும்மா இருந்ததுதான் எனக்குப் பெரிய பயம். சீலனுக்கு போன் போட்டேன், அவன் எடுக்கவில்லை. வண்டி ஓட்டிய அண்ணனிடம் "போங்க, போங்க" என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா அவளைப் படுக்க வைத்து, மீட்டரோடு கையைப் பிடித்தார். பச்சை நகங்களைப் பார்த்தார். "பத்துலயும் பூசி வெச்சிருக்கீங்களே!" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், திட்டக்கூட அவருக்கு நேரமில்லை. சேலையைக் கொஞ்சம் விலக்கி, ரீனாவின் கால் விரலில் மாட்டிவிட்டு, இரத்த அழுத்தம் பார்க்கப் போய்விட்டார்.

கால் விரல்.

இரண்டு நொடி ஆகியிருக்குமா? உன் கால் என் கண் முன்னால் வந்தது அம்மா. நீ ஒரு நாளும் என்னைத் தொடவிடாத கால். ஒரு சொட்டு நிறம் இல்லாமல், கட்டிலுக்குக் கீழே, என் முட்டிக்குப் பக்கத்திலேயே நாற்பது நிமிடமும் இருந்த கால். வேறு வழியில்லை என்ற என் சமாதானம் அந்த இடத்திலேயே செத்தது.

ரீனாவுக்கு இரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. உடனே ஆபரேஷன். மதியத்துக்கு மேல் பெண் குழந்தை. எடை குறைவு, ஆனால் அழுகைக்குக் குறைவில்லை. இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள் அம்மா.

சீலன் வளையல் பையோடு ஓடி வந்தான். குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து, வராண்டாவில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அங்கே காத்திருந்தவர்களைப் பார்த்து, "எங்கக்காங்க. அம்மாவையும் இப்படித்தான் ஒரு நிமிசம் தாமசிக்காம கொண்டாந்துச்சு" என்றான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அந்த நாள் முழுக்க அவன் சந்தோஷமாக இருந்திருப்பான். அவன் கை என் கையில் இருந்தது. எத்தனை நாள் இன்னும் சமையலறைக்கு எழுந்து போவது?

"இல்லடா சீலா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். எண்பத்திரண்டை, ஐந்து பூச்சை, பத்து விரலை, நாற்பது நிமிடத்தை, கால் விரலை. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அவன் கையை உதறவில்லை, மெதுவாக எடுத்துக்கொண்டான். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அந்த நாப்பது நிமிசமும் அம்மா என்னா பண்ணிட்டு இருந்துச்சு?"

"எங்கிட்ட கையக் குடுத்துட்டு உக்காந்திருந்துச்சுடா. ஒவ்வொரு வெரலா நீட்டுச்சு. நான் அவசரப்படுறதப் பாத்துட்டு, 'மெதுவா எடுடி, நான் எங்க ஓடிப் போறன்'னு சொல்லுச்சு."

அவன் முகம் மாறியது. கண்ணாடிக்கு வெளியே மூன்று நாள் நின்றவன் அவன். உன்னைப் பெட்டியில் வைத்த பிறகு, ஜெபமாலை சுற்றிய கையைத்தான் அவனால் தொட முடிந்தது.

"எனக்கு அதுகூடக் கெடைக்கலையேக்கா" என்றான். படியிறங்கிப் போய்விட்டான்.

அது கோபமா, பொறாமையா, மன்னிப்பா? இருபத்துமூன்று நாளாக யோசிக்கிறேன். ரீனா போன் செய்து குழந்தையின் அழுகையைக் கேட்க வைக்கிறாள். ஞானஸ்நானத்துக்கு நாள் பார்க்கிறார்கள் என்றாள். அன்றைக்குக் குழந்தையைக் கையில் ஏந்தப் போகும் ஞானத்தாய் யார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதை ஏன் எல்லோரும் படிக்க எழுதுகிறேன் என்று இப்போது சொல்கிறேன். என்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியவன் சீலன். இப்போது உண்மை தெரிந்த பிறகும் அந்தப் பேச்சை அவன் திரும்பப் பெறவில்லை. திரும்பப் பெற்றால் அக்காவுக்கு அவமானம். பெறாவிட்டால் தினமும் அவனுக்கு ஒரு பொய். நான் சொன்ன பொய்யை அவன் ஏன் சுமக்க வேண்டும்? அதனால் அவன் சொன்ன இடமெல்லாம் போய்ச் சேரும்படி நானே எழுதுகிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அம்மா. இனி யாராவது உன் சாவைச் சொல்லி என்னைப் பாராட்டினால் எழுந்து போக மாட்டேன், அங்கேயே உட்கார்ந்து நடந்ததைச் சொல்வேன். உன் பேத்தி வளர்ந்து கேட்டாலும் என் வாயாலேயே சொல்வேன், அந்த வேலையை அவள் அப்பனுக்கு வைக்க மாட்டேன். நாளைக்குக் கல்லறையில் சீலன் முதலில் வரட்டும். அவன் உன் பக்கத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கட்டும். அவன் எழுந்து போன பிறகுதான் நான் வருவேன். உன் பக்கத்தில் எனக்கு ஏற்கெனவே நாற்பது நிமிடம் கிடைத்தது.

இப்படிக்கு,
உன் பத்து விரலையும் கடைசியாகப் பிடித்திருந்த உன் மூத்த மகள்,
ஸ்டெல்லா