தஞ்சோங் கிளிங் வீட்டின் மேற்குச் சுவர்

ஞாயிறு, 2 மார்ச் 2025

தஞ்சோங் கிளிங் வீட்டில் பால் காய்ச்சி இரண்டு வாரம். பெரியநாயகி ஆன்ட்டி புக்கிட் ரம்பாயில் பதினெட்டு வருடம் குளிரூட்டிய ஃபேக்டரி அறையில் வேலை பார்த்தவர். பழைய வீட்டில் மகன் இரவும் பகலும் ஏர்கோன் போடுவானாம். நான் போகும்போதெல்லாம் காலில் சாக்ஸோடுதான் இருப்பார். "ஏர்கோன் வேணாத வீடா கட்டிக் குடும்மா, முட்டி கொல்லுது" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

மேற்கே கடல். அந்தப் பக்கச் சுவரில் காற்று நுழையத் துளைக்கல் வரிசை, எதிர்ச்சுவரில் உயரத்தில் ஜன்னல்கள். மதியக் கடற்காற்று இப்படி நுழைந்து அப்படி வெளியேறும். கட்டடக் கலைஞராக என் சொந்தப் பெயரில் நான் வரைந்து கட்டிக் கொடுத்த முதல் வீடு.

செவ்வாய், 4 மார்ச்

மகன் கோகுலராஜ் போன். "அக்கா, வீடு வேகுது லா! உங்க காத்து என்ன, லீவுல போயிருச்சா? சனிக்கிழம ஏர்கோன் மாட்ட ஆள் வருது."

ஜன்னலைச் சாத்தி வைத்திருப்பார்கள். வேறென்ன?

புதன், 5 மார்ச்

போகவில்லை. ஆயர் குரோவில் வேலை. எரிச்சல்.

வியாழன், 6 மார்ச்

மதியம் மூன்று மணி. வெளியே 32, ஹாலில் 34. ஜன்னல்கள் எல்லாம் திறந்துதான் இருந்தன. மேற்குச் சுவரில், சாமி மேடைக்கு மேலே கை வைத்துப் பார்த்தேன். சுவர் நெடுக ஒவ்வொரு துளையிலும் பழைய பேப்பர். ஒரே அளவாக மடித்து, அழகாக.

"என்ன ஆன்ட்டி இது?"

"வெளக்கு நிக்க மாட்டேங்குதும்மா. அஞ்சு தடவ ஏத்துறேன், அஞ்சு தடவயும் அணஞ்சிருது. மனசு கேக்குமா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நீ ஆசயா வெச்ச கல்லு. எப்படிச் சொல்றது?"

"அப்ப ஏர்கோன் வந்தா?"

"சாக்ஸ தொவச்சுட்டேன்."

பின்னால் கொடியில் ஆறு ஜோடி காய்ந்துகொண்டிருந்தது.

சாமி கிழக்கே பார்க்க வேண்டும். ஆகவே மேடை மேற்குச் சுவரில். சரி. அதைத் துளைக்கல்லுக்கு நேர் கீழே வரைந்தது யார்? நானேதான். தினமும் வீட்டில் விளக்கேற்றுகிறவள், வரைபடத்தில் ஒரு கட்டம் போட்டு 'சாமி' என்று எழுதிவிட்டுப் போய்விட்டேன். அதில் நெருப்பு எரியும் என்று தோன்றவே இல்லை. சே! பழியை ஜன்னல் மேல் போட்டேனே, வெட்கமாக இருக்கிறது.

கோகுலராஜிடம் சொன்னேன், தப்பு என்னுடையது என்று. சிரித்தான். ஏர்கோன் ஆளை ஒரு வாரம் தள்ளி வைக்கிறானாம். "ஒரு வாரந்தாங்க்கா."

ஞாயிறு, 9 மார்ச்

அதே சுவரின் தெற்கு மூலையில் துளையில்லாத நாலடி இருக்கிறது. ஆன்ட்டி நல்ல நேரம் பார்த்துச் சொல்ல, தச்சர் தங்கையா மேடையை அங்கே நகர்த்தினார். காற்று வரும் பக்கம் ஒரு பலகைத் தடுப்பு. பேப்பரை ஆன்ட்டியே உருவினார்.

சனி, 15 மார்ச்

மூன்று மணி. ஹாலில் 31. காலெண்டர் படபடக்கிறது, விளக்கு அசையவில்லை. ஏர்கோன் லோரிக்காரர் பாலில்லாத தே ஓ குடித்துவிட்டு, பெட்டியை இறக்காமலே திரும்பிப் போனார்.

ஆன்ட்டி வெறுங்காலோடு நாற்காலியில் ஏறி நின்று, இரண்டு கைகளிலும் சாக்ஸை மாட்டிக்கொண்டு, துளைக்கல்லில் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.