கதவில் ஒட்டிய பைன் கொத்து

செயின்ட் பால்
திங்கட்கிழமை

அன்புள்ள ஸுவா அக்காவுக்கு,

தம்பி நெங் எழுதுகிறேன். உன்னையும் அத்தானையும் குட்டி மெங்கையும் ஆண்டவர் குறையில்லாமல் வைத்திருப்பார் என்று நம்புகிறேன். ஃபிரெஸ்னோவில் பாதாம் பூத்து உதிர்ந்திருக்கும். இங்கே இன்னும் பனி. வெள்ளையாக அல்ல. சாலையோரம் அழுக்கேறி, உப்புக்கல்லோடு குவிந்து கிடக்கிறது. நான்கு மாதமாக என் காலுறை முழுவதும் உலர்ந்து நான் பார்க்கவில்லை.

திங்கள் எங்களுக்குத் துணி துவைக்கும் நாள். வீட்டுக்கு எழுதும் நாளும் அதுதான். துவைக்கும் கடையில் உட்கார்ந்து இதைத் தட்டச்சு செய்கிறேன். எதிரே கார்ட்டர் உறங்குகிறான். என் ஊழியக் கூட்டாளி. ஐடஹோக்காரன், இருபது வயது. நம் மோங் மொழியைப் புத்தகத்தில் படித்தவன். சந்தையில் கீரை விற்கும் பெண்கள் அவன் பேசுவதைக் கேட்க வேலையை விட்டுவிட்டு வருவார்கள். "வெள்ளைக்காரன் எவ்வளவு சுத்தமா பேசுறான் பாரு. மோங் பிள்ளை நீ, உன் வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று என்னைக் கேட்பார்கள். சட்டைப் பையில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டையில் "மூப்பர் லோர்" என்று இருப்பதைப் படித்து இன்னும் சிரிப்பார்கள்.

சென்ற வாரம் நாற்பத்தொரு கதவுகளைத் தட்டினோம். ஒரு வீட்டுக்குள் போக முடிந்தது. அதற்கு முந்தைய வாரம் ஒன்றுமில்லை. ஞாயிறு இரவு தாளில் அந்த எண்ணை எழுதி அனுப்ப வேண்டும். அதனால் அந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

சனிக்கிழமை, கிழக்குப் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் மூன்றாவது தளம். படியிலேயே மூலிகைக் கோழிச்சாறு மணத்தது. கதவில் ஒரு பைன் கொத்தை நாடாவால் ஒட்டியிருந்தார்கள். பனிக்காலத்தில் வேறு எந்தப் பச்சை கிடைக்கும்? வாகனம் நிறுத்துமிடத்து மரத்தில் ஒடித்திருப்பார்கள். கார்ட்டர் நின்றுவிட்டான். "நெங், கதவுல இலை இருக்கு. பிள்ளை பெத்த வீடு, வெளியாள் நுழையக் கூடாது. போயிடலாம்" என்றான். பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. "நான் மோங். எனக்கே சொல்றியா?" என்றேன்.

ஒரு பெண் சங்கிலி போட்டபடியே திறந்தாள். உன் வயதுகூட இருக்காது. பெயர் கவ்லி. என் குலம் கேட்டாள். அவளும் லோர் குலத்தில் பிறந்தவளாம். "அப்ப எனக்குத் தம்பி முறை" என்று சிரித்தாள். "ஆனா இன்னிக்கு வேணாம் தம்பி. பிறந்து பதினோரு நாள்தான் ஆகுது. அத்தை வேற கடைக்குப் போயிருக்காங்க." "ஒரு கிளைக்குப் பயந்து வாழ வேண்டியதில்ல அக்கா, நாலே நிமிஷம்" என்று அவளிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துச் சங்கிலியை எடுத்தாள். வாசலுக்கு வந்த குலத்துத் தம்பியை எந்த அக்கா திருப்பி அனுப்புவாள்?

கால் மணி நேரம் பேசினேன். நன்றாகக் கேட்டாள். கார்ட்டர் உள்ளே வரவில்லை. என் கண்ணில் படும்படி நடையிலேயே நின்றான். அது அவன் பயம்.

உன் வீட்டு வாசலும் நினைவுக்கு வந்தது. மெங் பிறந்தபோது அம்மா கட்டிய ஆரஞ்சுக் கிளையை நான் பிய்த்து எறிந்து ஒரு பிரசங்கமே செய்தேனே. நீ ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தாய் என்று நினைக்கிறேன்.

மெங்கின் படத்தைக் கார்ட்டரிடம் காட்டினேன். டப்பாப் பாலிலேயே இவ்வளவு புஷ்டியா என்று வியந்தான். மெங்குக்கு என் முத்தம்.

உன் தம்பி,
நெங்

*

வியாழக்கிழமை

அக்கா,

இன்று எழுதக் கூடாத நாள். கார்ட்டர் குளிக்கிறான். அம்மாவிடம் காட்டாதே.

செவ்வாய் மாலை ஒரு தொலைபேசி அழைப்பு. கவ்லியின் மாமியார். நான் அங்கே வைத்துவிட்டு வந்த அட்டையில் எண்ணைப் பார்த்திருக்கிறார். "மூப்பரா பேசுறது? மூப்பருக்கு மீசை முளைச்சாச்சா?" என்று தொடங்கினார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை நீ வந்துட்டுப் போன சாயங்காலத்திலேருந்து என் மருமகளுக்குப் பால் இல்ல. நீ எடுத்துக்கிட்டுப் போயிட்ட. கொண்டாந்து குடுத்துடு."

குடையை மாற்றி எடுத்துப்போனவனிடம் கேட்பது போலக் கேட்டார். கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

எங்கள் ஊழியத் தலைவரை அழைத்தேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். அந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள், பால்மாவு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுங்கள், ஆனால் பாலைத் திருப்பிக் கொடுக்கும் சடங்கை மட்டும் செய்யாதீர்கள், உங்கள் மக்கள் மற்ற யாரையும்விட உங்களைத்தான் கவனிக்கிறார்கள் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். நிம்மதியாகத்தான் இருந்தது.

நேற்று இரண்டு டப்பாவோடு போனோம். மாமியார் கதவை ஒரு சாண் திறந்தார். குட்டையான அம்மாள், கையில் கரண்டி. டப்பாவைப் பார்த்தார். "டப்பாவா கேட்டேன்? டப்பா கடையில இருக்கு. பாலு உங்கிட்ட இருக்கு." உள்ளே குழந்தை அழுதது. அழுகை என்றும் சொல்ல முடியாது, கரகரவென்று ஒரு சத்தம். புட்டிப்பாலைக் கக்கிவிடுகிறதாம். பிறந்தபோது இருந்த எடைகூட இப்போது இல்லையாம். பின்னாலிருந்து கவ்லியின் குரல் கேட்டது. "தம்பியைத் திட்டாதீங்க அத்தை. சங்கிலியை எடுத்தது நான்தானே."

அக்கா, அவள் என்னைக் காப்பாற்றப் பார்த்தாள்.

மாமியார் டப்பாக்களை வாங்கி, கதவுக்கு வெளியே தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாத்தினார்.

இரவு கவ்லி செய்தி அனுப்பினாள். மருத்துவமனையிலிருந்து ஒரு தாதி வந்து பார்த்தாளாம். தாய் தூங்கவில்லை, எதையோ நினைத்துப் பயப்படுகிறாள், பயத்தில் பால் வற்றுவது உண்டு என்றாளாம். கேட்டதும் பிடித்துக்கொண்டேன். நானில்லை, பயம்தான் காரணம். ஒரு மணி நேரம் அப்படியே இருந்தேன். பிறகு, அந்தப் பயத்தை அங்கே வைத்துவிட்டு வந்தது யார் என்று தோன்றியது. கல்லூரியில் ஓராண்டு படித்ததற்கு இந்தக் கேள்வியாவது மிச்சம்.

முதல் கடிதத்தில் உனக்குச் சொல்லாத இரண்டு. நான் காலணியைக் கழற்றவில்லை. கயிறு நனைந்து இறுகியிருந்தது, சோம்பல். தண்ணீர் கேட்டேன். படுக்கையருகே அவள் தனக்காக வைத்திருந்த குடுவையிலிருந்து வெந்நீரை ஊற்றித் தந்தாள். பிள்ளை பெற்ற முப்பது நாளும் அவள் மட்டும் குடிக்க வேண்டிய தண்ணீர். ஒரு கோப்பை முழுக்கக் குடித்தேன்.

திருப்பிக் கொடுப்பது என்கிறார்களே, அதை எப்படிச் செய்வார்கள்? நம் வீடு சபையில் சேர்ந்தபோது எனக்கு நான்கு வயது, உனக்குப் பதினொன்று. பழைய முறை உனக்கு ஏதாவது நினைவிருக்கும். அம்மாவிடம் கேட்டால் அப்பா காதில் விழும். போகப் போகிறேன் என்று சொல்லவில்லை. சும்மா கேட்கிறேன்.

நெங்

*

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் அன்றே வந்துவிட்டது. எப்போதும் பக்கம் பக்கமாக எழுதுகிறவள் ஐந்தே வரி எழுதியிருந்தாய். கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், நீ குடித்த அதே அளவு. ஒரு கைப்பிடிச் சோறு. வெறுங்காலோடு போ. அவள் கூப்பிடும்வரை நிலையைத் தாண்டாதே. கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வா.

வெள்ளி முழுவதும் அந்த ஐந்து வரியையும் படித்துக்கொண்டிருந்தேன். நேற்று போனேன்.

கார்ட்டரிடம் சொல்லாமல் போக முடியாது, இருவரும் சேர்ந்தேதான் எங்கும் போக வேண்டும். சொன்னேன். காலையில் அவனே சோறு வடித்தான். குழைந்துவிட்டது. "பரவாயில்ல, குழந்தைக்குத்தானே" என்றான். குழந்தை சாப்பிடாது என்று விளக்க எனக்குத் தெம்பில்லை.

காரிலேயே காலணியைக் கழற்றினேன். வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து வாசல்வரை உப்புக்கல். கிண்ணம் தளும்பாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் இல்லை. பாதி தூரத்தில் கால் மரத்துப்போனது. கார்ட்டர் என் காலணிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். எதிரே வந்த ஒரு மோங் கிழவர் என் கால்களையும் கிண்ணத்தையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தலையைத் திருப்பிக்கொண்டு வழிவிட்டார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

பைன் கொத்து காய்ந்து ஊசிகள் தரையில் உதிர்ந்திருந்தன. மாமியார் கதவை முழுக்கத் திறந்தார். கவ்லியை நாற்காலியில் போர்வை சுற்றி உட்கார வைத்திருந்தார்கள். முகம் பாதியாகியிருந்தது. மடியில் குழந்தை தூங்கியது. "வந்துட்டான் பாரு உன் தம்பி" என்றார் மாமியார். பிறகு என்னிடம், "நான் சொல்லச் சொல்லச் சொல்லு" என்றார்.

வழி தவறி வந்தேன் என்றார். வழி தவறி வந்தேன் என்றேன். இலையைப் பார்க்காமல் நுழைந்தேன் என்றார்.

என்னால் சொல்ல முடியவில்லை.

அவர் மறுபடி சொன்னார். மூன்றாம் முறை, "செவிடா நீ?" என்றார். பின்னால் கார்ட்டர் நின்றிருந்தான். அன்று "இலை இருக்கு" என்றவன். அவன் எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவன் இல்லாமலிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. "பார்த்தேன்மா" என்றேன். "இலையைப் பார்த்தேன். இலைன்னா என்னன்னும் தெரியும். தெரிஞ்சேதான் உள்ள வந்தேன்."

மாமியார் கோபப்படவில்லை. குழம்பிப்போனார். "அப்படி ஒரு வரி இதுல கிடையாதே" என்றார். "தெரிஞ்சு யாரும் வரமாட்டாங்க. அதனால அதுக்கு யாரும் வார்த்தை வெச்சுட்டுப் போகல."

கிண்ணத்தை ஏந்தியபடி நின்றேன். கடைசியில் கவ்லிதான் பேசினாள். "அவன் சொன்னதையே வெச்சுக்கலாம் அத்தை. தண்ணி ஆறிட்டிருக்கு."

உள்ளே கூப்பிட்டாள். போனேன். தண்ணீரை முழுக்கக் குடித்தாள். குழைந்த சோற்றில் ஒரு வாய் தின்று, "யாரு வடிச்சது, இவ்ளோ மோசமா?" என்றாள். நடையிலிருந்து கார்ட்டர், "நான்தான்" என்றான். மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். கார்ட்டர் காலணிகளை நீட்டினான். உள்ளே தன் கையுறைகளைச் சுருட்டித் திணித்து வைத்திருந்தான், சூடு போகாமலிருக்க.

இன்று ஆராதனை முடிந்ததும் கவ்லியிடமிருந்து செய்தி. "ராத்திரி கொஞ்சம் வந்துச்சு தம்பி. ஒரு பக்கம் மட்டும். குடிச்சிட்டுத் தூங்கிட்டான்." நான் சந்தோஷப்பட வேண்டும். அவள் குடித்த தண்ணீராலா, தூங்கியதாலா, ஜெபத்தாலா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தகுதி எனக்கு உண்டா என்பதும் தெரியாது. இந்த வாரத் தாளில் சுழியம் எழுதினேன். போன வாரத்து ஒன்றையும் அடித்துவிடச் சொல்லிக் குறிப்பு வைத்தேன்.

நாளை தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்பலாம். அப்பாவுக்குத் தலைகுனிவு. அதை நான் தாங்கிக்கொள்வேன். இந்தக் கடிதம் அதற்காக அல்ல.

அக்கா, அந்த ஐந்து வரி. "நீ குடித்த அதே அளவு" என்பதையெல்லாமா ஒரு பதினொரு வயதுப் பெண் நினைவில் வைத்திருப்பாள்? அம்மா உனக்கு அதைச் சொல்லித் தந்தது எப்போது? மெங் பிறந்த மாதமா? நான் கிளையைப் பிய்த்த அன்று காலில் காலணி இருந்தது. உன் சமையலறையில் தண்ணீர் குடித்தேன். அடுத்த வாரம் அத்தான் டப்பா வாங்கி வந்தார். நவீன காலம், டப்பாதான் வசதி என்று நானே சொன்னேன். யாரும் என்னைத் தொலைபேசியில் அழைக்கவில்லை. கொண்டாந்து குடு என்று நீ கேட்கவில்லை. சிரித்தாய் என்று எழுதியிருந்தேன் இல்லையா? இந்த வாரம் முழுக்க நினைத்துப் பார்த்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாய், அவ்வளவுதான்.

பதில் எழுத வேண்டாம். எழுதினால் அப்படியொன்றுமில்லை என்றுதான் எழுதுவாய்.

மெங் நோயில்லாமல் வளரட்டும். தன் மாமனைவிடக் கண் திறந்தவனாக வளரட்டும். ஒரு நாள் உன் வாசலுக்கு வருவேன். கதவைத் திறந்ததும் வழக்கம்போல உள்ளே வா என்று கூப்பிட்டுவிடாதே, அக்கா. கொஞ்ச நேரம் என்னை வெளியிலேயே நிற்க விடு.

உன் தம்பி,
நெங்