ஏழாம் படத்தில் என் மூக்கு

சலமாங்கா
2 மார்ச் 1986

என் கண்ணின் மணியும், நேற்றுமுதல் அதே கண்ணில் விழுந்த தூசியுமான லெயோனோருக்கு,

சித்தப்பா ஃபெர்மின் எழுதுவது. நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் நேற்று மாலை நாலு மணிக்கு நான் செத்துப்போனேன். ஊரே கூடிச் சிரித்து அடக்கம் செய்தது.

நீ வரைந்த பதினான்கு படங்களும் வந்துசேர்ந்தன. நம் பழைய துன்பியல் நாடகத்துக்கு ஐந்நூறு வருடமாக எவனெவனோ படம் போட்டான், இப்போது என் அண்ணன் மகள் போடுகிறாள் என்ற திமிரில், உறையை வீட்டில் பிரிக்காமல் காபிக்கடை டொமினோ மேஜையில் வைத்துப் பிரித்தேன். ஆறு படம்வரை “ஆகா, ஆகா!” ஏழாவதாக, காதலனுக்காகக் கன்னிப் பெண்ணிடம் தூது போகும் அந்தக் கிழவி. பாவாடை, முக்காடு. முக்காட்டுக்குள் என் மூக்கு! அதன் இடப்பக்கம் என் மரு!

என் டொமினோ கூட்டாளி பௌதிலியோ கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “யோவ் ஃபெர்மின், பாவாடை உனக்கு எடுப்பாத்தான்யா இருக்கு. எந்தக் கடையில எடுத்த?” என்றான். கடைக்காரி ரெமெதியோஸ், “எனக்கும் ஒரு மாப்பிள்ளை பாத்துக் குடு கிழவி, காபி இலவசம்!” என்றாள். அந்தச் சிரிப்பில் பேராலயக் கோபுரம் இரண்டு விரற்கடை சாய்ந்துவிட்டது. நம்பாவிட்டால் வந்து அளந்து பார்.

மீதிப் படங்களைப் பார்க்கவில்லை. உறையோடு அலமாரி உச்சியில் வீசிவிட்டேன். முப்பத்தொரு வருடம் நூலகத்தில் பழைய பதிப்புகளுக்குக் காவல் இருந்தவனுக்கு இதுதான் மரியாதையா? இருபதாம் தேதிக்குள் என் முன்னுரை வராவிட்டால் உன் புத்தகத்தைக் கைவிடுவதாகப் பதிப்பாளர் எழுதியிருக்கிறார். கைவிடட்டும். மூக்கை மாற்று, முன்னுரை வரும்.

மானம் பறிகொடுத்த உன் சித்தப்பா,
ஃபெர்மின்

பி.கு.: நோன்புக்காலக் கொண்டைக்கடலைக் குழம்புக்கு உன் பங்கு உப்பு மீனையும் சேர்த்தே ஊறப்போட்டேன். மூன்றாவது வருடமாக நானே இரண்டு பங்கையும் தின்கிறேன்.


வலென்சியா
6 மார்ச்

பாசமும் தலைவலியும் சம அளவில் தரும் சித்தப்பாவுக்கு,

மூக்கு மாறாது.

அந்தக் காலத்து அச்சகங்களில் மரக்கட்டைப் படங்கள் பத்துப் பதினைந்துதான் இருக்கும். ஒரே தாடிக்காரன் முதல் அங்கத்தில் காதலன். ஒன்பதாம் அங்கத்தில் வேலைக்காரன். தலைக்கு மேலுள்ள நாடாவில் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்தார்கள். இதைப் பற்றி நாற்பது பக்கக் கட்டுரை எழுதியவர் நீங்கள். நானும் அப்படியே செய்திருக்கிறேன். பதினான்கு படத்துக்கும் ஆறே முகங்கள்.

கிழவிக்கு ஏன் உங்கள் முகம் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்காததே பதில். இசித்ரோவின் கடிதங்களை எட்டு மாதம் கோட்டு உள்பையில் வைத்து எனக்குக் கொண்டுவந்தது யார்? “பையன் தங்கம், யோசிக்காதே” என்றது யார்? அவரோடு மூன்று வருடம் குடித்தனம் செய்தேன். ஒரு நாள்கூட அவர் நிலாவை எதனோடும் ஒப்பிடவில்லை. கடிதங்களில் மட்டும் பக்கத்துக்கு இரண்டு நிலா.

மருந்தைச் சாப்பிடுங்கள்.

லெயோனோர்


சலமாங்கா
9 மார்ச்

நீதிபதி அம்மையார் அவர்களுக்கு,

குற்றவாளி பேசலாமா? நன்றி.

எழுத்துப்பிழை திருத்தினேன். ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பையன் எழுதியதை அப்படியே கொடுத்திருந்தால், மாட்டு வைத்தியருக்குப் போக வேண்டிய கடிதம் தவறி வந்துவிட்டது என்று நினைத்திருப்பாய். ஒரு நிலா, மிஞ்சினால் ஒன்றரை நிலா, என் கைவண்ணமாக இருக்கலாம். அதற்காகப் பாவாடையா? நாடகத்துக் கிழவி காசு வாங்கினாள், பேயை அழைத்தாள். நான் வாங்கியது உன் கல்யாண விருந்தில் இரண்டாம் தட்டு ஆட்டுக்கறி!

இங்கே நிலைமை மோசம். தெருவில் முன்பின் தெரியாத விதவை ஒருத்தி, “ஐயா, நாப்பது வயசுல நல்ல ஆளா யாரும் இருக்காங்களா?” என்று கேட்கிறாள். பௌதிலியோ மூன்று மாகாணங்களுக்குத் தந்தி அடித்திருப்பான்.

அலமாரி உச்சியில் கிடக்கும் படங்களைத் தொட மாட்டேன். முன்னுரை கிடையாது.

கோபத்தில் மூன்று கிலோ இளைத்துவிட்ட
சித்தப்பா


வலென்சியா
13 மார்ச்

சித்தப்பா,

பதிப்பாளரிடம் இன்று காலை பேசினேன். இருபதுதான் கெடு. நீட்டிக்க மாட்டார். இசித்ரோவை விட்டு வந்த இந்த மூன்று வருடமாக வேறு வேலை எதுவும் என்னால் முடிக்க முடியவில்லை. இதை மட்டும்தான் முடித்தேன். உங்களுக்கு அது தெரியும்.

கெஞ்சவில்லை. பதினான்காம் படத்தைப் பாருங்கள். பார்த்த பிறகும் முன்னுரை இல்லை என்றால், இல்லை.

லெயோனோர்


சலமாங்கா
17 மார்ச்

லெயோனோர்,

நாற்காலி போட்டு அலமாரி மேல் ஏறினேன். பிரனீஸ் மலையே அதைவிடச் சுலபம். இறங்க மனமில்லாமல் மேலேயே உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன்.

கோபுரத்தடி. கிழவி தூது போன அந்தக் கன்னிப் பெண் மேலிருந்து குதித்துக் கீழே கிடக்கிறாள். பக்கத்தில் மண்டியிட்டிருப்பவனுக்கு அதே மூக்கு, அதே மரு. தலைக்கு மேல் நாடாவில் ‘தந்தை’ என்று எழுதியிருக்கிறாய்.

அவன் கோட்டில் மூன்றாவது பொத்தான் இல்லை. இசித்ரோ வீட்டிலிருந்து உன்னையும் உன் பெட்டியையும் கூட்டிவர சமோராவுக்கு ஓடி வந்தேனே, அன்று ரயில் கதவில் மாட்டிப் பிய்ந்த பொத்தான். வழியெல்லாம் நீ தலை நிமிரவே இல்லை. பொத்தான் போனதைக் கவனித்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை.

போன கடிதத்தில் பொய் எழுதினேன். திருத்தவில்லை. எல்லாக் கடிதங்களும் நான் எழுதியவை. அவன் பார்த்துப் பார்த்து நகல் எடுத்தான். நல்ல பையன், பேசத்தான் வராது, ஒரு கை கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். நீ பிரியம் வைத்தது என் வார்த்தைகள் மேல். வாழப் போனது அவனோடு. கிழவியின் முகம் சரியாகத்தான் இருக்கிறது.

முன்னுரை எழுதி முடித்தாயிற்று. வியாழக்கிழமை, கெடு நாளன்று, ரயிலில் நானே கொண்டு வருகிறேன். குழம்பும் வரும், பாத்திரத்தைத் துணியில் கட்டியிருக்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. மூக்கு இருக்கட்டும், மரு இருக்கட்டும், பாவாடையும் இருக்கட்டும். கீழே கிடக்கும் பெண்ணுக்கு உன் முகத்தை வைத்திருக்கிறாய். மீதி ஐந்து முகங்களில் எதை வேண்டுமானாலும் வை. உன் முகத்தை மட்டும் அங்கிருந்து அழித்துவிடு. அழித்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் முன்னுரை இருக்கும் பையைத் திறப்பேன்.

ஃபெர்மின்