இடப்பக்கக் கம்பி

இன்று கெலிஓயா ஹாட்வெயார் கடையில் புதிய கம்பிச் சுருள் ஒன்றைப் பிரித்துக் காட்டினார்கள். கிறீஸ் வாசம் வந்ததும் உன் முகம்தான் வந்தது. போன மாதம் கலஹாவில் உன் சாவுக்கு நான் வரவில்லை. வந்திருந்தால் அழுதிருப்பேன். அதை உனக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில், அந்த ஹோட்டலின் பாய்ப்படகுகளை நாம் இரண்டு பேரும்தான் பார்த்துக்கொண்டோம். பாய்மரத்தை இரண்டு பக்கமும் உருக்குக் கம்பி இழுத்துப் பிடித்திருக்கும், கம்பியின் மேல் உறையாகக் கறுப்பு பிளாஸ்டிக் குழாய். "ரொம்ப இறுக்குனா மரம் வளையும், தளர விட்டா ஆடியே ஒடியும் மச்சான்" என்பாய். ஒருவன் கட்டினால் மற்றவன் பெருவிரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். கட்டியவனே தன் கட்டைச் சோதிக்கக் கூடாது. நாமே போட்டுக்கொண்ட சட்டம் அது.

அந்தப் பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு முன் இடப்பக்கக் கம்பி இற்றுப்போனது. கொழும்பிலிருந்து புதியது வரும்வரை படகை இறக்க வேண்டாம் என்றேன். மறுநாள் நான் வரும்போது நீ கட்டி முடித்திருந்தாய். கம்பி வந்துவிட்டது என்றாய். அமுக்கினேன். வலப்பக்கம் போலவே இறுக்கமாக இருந்தது. சரி என்றேன்.

குழாய்க்குள் இருந்தது நைலோன் கயிறு. இழுத்துக் கட்டினால் அதுவும் விரலுக்குக் கம்பி மாதிரித்தான் தெரியும். சுமை ஏறும்போதுதான் கம்பி நிற்கும், கயிறு நீளும். மத்தியானம் மலைப்பக்கமிருந்து அடித்த காற்றில் மரம் வலப்பக்கம் துவண்டு, நடுவில் ஒடிந்து, சுற்றுலா வந்த ஒரு பெண்ணின் தோளில் விழுந்தது.

படகைக் கரைக்கு இழுத்ததும் குழாயைக் கிழித்து மனேஜரிடம் கயிற்றைக் காட்டினேன். அவர் உன்னைக் கேட்டார். நீ என் பக்கம் திரும்பவேயில்லை.

"அந்தப் பக்கம் இவன்தான் சேர் கட்டுனான். நான் அமுக்கி மட்டுந்தான் பார்த்தேன்."

நம் சட்டத்தையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டாய். என் வேலை போனதைவிட அதுதானடா என்னை அறுத்தது. பிறகு ஒருநாள் கண்டி குட்செட் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டதும் பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கினாய். பிள்ளைகுட்டிக்காரன், பயந்திருப்பாய். விளங்குகிறது. ஆனால் மன்னிக்க வரவில்லை.

இப்போது வீட்டுக் கூரைகளில் அன்டெனாக் கம்பம் நிறுத்துகிறேன். அதற்கும் நாலு பக்கமும் கம்பிதான். கூட வேலை செய்கிறவர் நல்ல மனிதர். "நான் ஒருக்கா அமுக்கிப் பார்க்கவா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். வேண்டாம் என்பேன். நான் கட்டியதை நானே அமுக்கிப் பார்த்துவிட்டு இறங்குகிறேன்.